கோத்தகிரியில் சீமை அத்தி: காய்க்கிறது, ஏன் பழுக்கவில்லை?

கேள்வி இதுதான். கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீட்டுத் தோட்டம். நர்சரியில் ‘பிரவுன் டர்க்கி’ என்று சொல்லி வாங்கிய சீமை அத்தி, நட்டு நாலாவது வருடம். தை மாதம் கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். இலை தளதளவென்று வருகிறது, வைகாசிக்குள் காய் தெரிகிறது, நல்ல அளவுக்குப் பெருக்கவும் செய்கிறது. புரட்டாசி வாக்கில் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து கொட்டிவிடுகிறது. காயில் பாதி பச்சையாகவே நிற்கிறது, மீதி மழையில் பிளந்து புளித்துப்போகிறது. பக்கத்தில் ஓர் ஆண் மரம் வைத்தால்தான் பழுக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், உரம் போதவில்லை என்று இன்னொருவர். எது சரி?

இரண்டும் இல்லை. நீங்கள் கவாத்து செய்யும் மாதத்தை மாற்ற வேண்டும். மலையில் அத்தி வளர்ப்பதில் முக்கால்வாசி வேலை, கடைசி மூன்று வாரம் மழையில் மாட்டாதபடி பழத்தை நகர்த்தி வைப்பதுதான்.

முதலில் அந்த ஆண் மரக் கதையை முடித்துவிடுவோம். அத்தியில் நாம் தின்பது உள்பக்கமாகப் பூக்கள் நிறைந்த ஒரு பை. நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாக ஒரு பொடிக் குளவி நுழைந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். ஸ்மிர்னா வகை அத்திகளுக்கு இது கட்டாயம். குளவி வராவிட்டால் காய் கோலிக்குண்டு அளவிலேயே மொத்தமாக உதிர்ந்துவிடும். 1880களில் ஸ்மிர்னா போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய குச்சிகளைக் கொண்டுபோய் கலிபோர்னியாவில் நட்டவர்களுக்கு இதுதான் நடந்தது. மரம் வளர்ந்தது, காய் கொட்டியது. ஆண் மரத்தோடு குளவியையும் கொண்டுவந்து, 1899இல் அது அங்கே நிலைத்த பிறகுதான் பழம் கிடைத்தது. பிரவுன் டர்க்கி, பூனா அத்தி, டயானா போன்றவை வேறு ரகம். மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் பழுப்பவை. உங்கள் காய் முழு அளவுக்குப் பெருக்கிறது என்பதே குளவி பிரச்சினை இல்லை என்பதற்குச் சாட்சி. நம் ஆற்றோர நாட்டு அத்தியிலும் குளவி உண்டு. ஆனால் ஒவ்வொரு அத்தி இனத்துக்கும் அதற்கென்று தனிக் குளவி. நாட்டு அத்தியின் குளவி சீமை அத்திக்கு உதவாது.

(பழத்துக்குள் செத்த குளவி இருக்குமே, சைவமா அசைவமா என்று கேட்பவர்களுக்கு: உங்கள் வீட்டு பிரவுன் டர்க்கியில் அந்தக் கவலை வேண்டாம். கடையில் வாங்கும் துருக்கி உலர் அத்தியைப் பற்றி வேண்டுமானால் விவாதிக்கலாம்.)

இதே காரணத்தால், உலர் அத்தியிலிருந்து விதை எடுத்து முளைக்க வைப்பதில் பலன் இல்லை. முளைக்கும், செழிப்பாகவும் வளரும். ஆனால் பாதி ஆண் மரமாகப் போகும், மீதியில் பெரும்பாலானவை குளவியை எதிர்பார்த்து நிற்கும். போத்திலோ, மரத்திலேயே கிளையில் வேர்விட வைத்துப் பிரிக்கும் விண்பதியத்திலோ வந்த கன்றுதானா என்று நர்சரியில் கேட்டு வாங்குங்கள். ‘அத்தி’ என்ற பெயரில் நாட்டு அத்தியைக் கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. இலையைப் பார்த்தாலே தெரியும். சீமை அத்தி இலை விரல் விரித்த கைபோலப் பிளந்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நாட்டு அத்தி இலை பிளவில்லாமல் வழவழப்பாக நீண்டிருக்கும், காய் அடிமரத்திலேயே கொத்தாகத் தொங்கும்.

சரி, மாதக் கணக்குக்கு வருவோம்.

அத்திக்காய் ஒரே சீராக வளர்வதில்லை. முதல் ஐந்தாறு வாரம் மளமளவென்று பெருக்கும். அப்புறம் ஒரு மாதத்துக்கும் மேல் அசையாமல் நிற்கும். குளிர் ஊரில் இந்த நிற்கும் காலம் இன்னும் நீளும். பலர் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து உரத்தைக் கொட்டுகிறார்கள். கடைசியில் சில நாட்களுக்குள் மறுபடி உப்பி, நிறம் மாறி, மெத்தென்று ஆகும். சர்க்கரையில் பெரும் பகுதி இந்தக் கடைசி ஓட்டத்தில்தான் ஏறுகிறது. அப்போது மரத்தில் நல்ல இலை இருக்க வேண்டும், வெயில் வேண்டும், மழை கூடாது. நீங்கள் தையில் வெட்டுகிறீர்கள், வைகாசியில் காய் வருகிறது, ஆனி ஆடிச் சாரலிலும் மூடுபனியிலும் காய் நின்றுவிடுகிறது. பழுக்க வேண்டிய நேரம் நேராக ஐப்பசி மழையில் போய் விழுகிறது. அதற்குள் நீங்கள் சொன்ன பழுப்புப் புள்ளி, அதாவது துரு நோய், இலையையும் காலி செய்துவிடுகிறது. இலை இல்லாத மரம் எதை வைத்துப் பழுக்க வைக்கும்?

புனே பக்கத்துப் புரந்தர் வட்டார அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கைத் தலைமுறைகளாகப் போட்டு வருகிறார்கள். மழைக்காலத்தில் வரும் போகத்தை அவர்கள் புளிப்புப் போகம் என்றும் கோடையில் வருவதை இனிப்புப் போகம் என்றும் பிரித்துச் சொல்வார்கள். விலை போவது இரண்டாவதுதான். மரம் ஒன்றே, வெட்டும் காலம்தான் வேறு.

கோத்தகிரியும் குன்னூரும் கிழக்குச் சரிவு. தென்மேற்குப் பருவமழை தொட்டபெட்டா முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது வலுக் குறைந்துவிடும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தை பிறந்தால் வானம் வெளுக்கும். சித்திரையில் கோடை மழை ஆரம்பிக்கும் வரை நல்ல வெயில். அந்த இடைவெளியில் பழம் விழ வேண்டும். பின்னோக்கி எண்ணினால், மாசி பங்குனியில் பழுக்க வேண்டிய காய் கார்த்திகைக்குள் இலைக் கக்கத்தில் தெரிய வேண்டும். அதற்குப் புதுக் கிளை புரட்டாசியில் ஓடியிருக்க வேண்டும். ஆகவே கவாத்து ஆவணியில், அதாவது ஆகஸ்டு பிற்பாதியிலிருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குள். மார்கழிக் குளிரில் காய் நிற்கும், நிற்கட்டும். மாசி வெயிலில் அது ஓடும்.

இந்த வருடக் காய் வெட்டில் போய்விடுமே என்று தோன்றும். அது எப்படியும் போகத்தான் போகிறது.

வெட்டும்போது அடியிலிருந்து மூன்று நான்கு முதன்மைக் கிளைகளை மட்டும் விட்டு, அவற்றின் கடைசி வருட வளர்ச்சியில் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கணு வைத்து மேலே எடுத்துவிடுங்கள். பிரவுன் டர்க்கி புதுக் கிளையில் காய்ப்பது, பலமாக வெட்டினாலும் தாங்கும். உள்நோக்கி வளரும் குச்சிகளை முழுதாக எடுத்துவிடலாம், காற்றோட்டம் வந்தாலே துரு பாதி குறையும். புதுக் கிளையில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் அது நீளப் போவதை விட்டுக் காய் பிடிப்பதில் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. அத்திப் பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெட்டும்போது முழுக்கை, கையுறை போடுங்கள். குழந்தைகளைக் குச்சி பொறுக்க விடாதீர்கள்.

மலையின் மற்ற பக்கங்களுக்கு இந்த அட்டவணை அப்படியே பொருந்தாது. கூடலூர், பந்தலூரில் தென்மேற்கு மழை கொட்டித் தீர்க்கும். மழை விட்டு, புரட்டாசிக் கடைசியில் வெட்டுவது நல்லது. உயரம் குறைவு, வெப்பம் அதிகம் என்பதால் தாமதமாக வெட்டினாலும் காய் ஓடிப் பிடித்துவிடும். பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசைப் பக்கம் அத்திக்கு நம்மைவிட நல்ல இடம். காப்பியும் மிளகும் வரும் உயரம், மழை பெரும்பாலும் வடகிழக்கில், அப்புறம் நீண்ட வெயில். ஆவணிக் கவாத்து அங்கே இன்னும் எளிதாகப் பலிக்கும்.

ஊட்டியும் கொடைக்கானல் நகரமும் தனிக்கதை. 2,000 மீட்டருக்கு மேலே புதுக் கிளைக் காயை நம்புவது வீண். அங்கே நம்ப வேண்டியது பழைய கிளைக் காயை. குளிர்காலத்தில் கிளை நுனிகளில் பட்டாணி அளவில் சின்னக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். அது குளிரைத் தாண்டிவிட்டால் வெயில் வந்ததும் பெருத்து அடுத்த கோடையில் பழுக்கும். இங்கிலாந்துத் தோட்டங்களில் அத்திப்பழம் கிடைப்பது இந்த வழியில்தான். எனவே ஊட்டிக்காரர்கள் நுனியை வெட்டவே கூடாது. கார்த்திகையில் கட்டைவிரல் அளவுக்கு மேல் பச்சையாக நிற்பதை எல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, பட்டாணிகளை மட்டும் விட்டு, உறைபனி விழும் இரவுகளில் நுனிகளைச் சாக்காலோ பெரணிச் செடியாலோ மூட வேண்டும். தேயிலைக் கன்றுக்குச் செய்வது போலத்தான். பள்ளத்தாக்கின் அடியில் உறைபனி தேங்கும், சரிவில் இருக்கும் வீட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. பூ வளர்க்கும் பாலிஹவுஸ் யாராவது வைத்திருந்தால் அதன் மூலையில் டிரம்மில் நட்ட அத்தியை வைப்பதுதான் ஊட்டியில் ஆகச் சுலபமான வழி.

அடுத்து, மரம் நிற்கும் இடம். நம் ஊரில் மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிடும், காலை வெயில்தான் உறுதியானது. ஆகவே கிழக்கு அல்லது தென்கிழக்கு திறந்திருக்க வேண்டும். மார்கழியிலிருந்து பங்குனி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஏப்ரல் 20 வாக்கில்தான் நம் தலைக்கு நேராக வரும். நீங்கள் பழத்தை மாசி பங்குனிக்கு மாற்றப்போவதால், வீட்டின் தெற்குச் சுவரோரம்தான் உங்களுக்குச் சூடான இடம். பகலெல்லாம் வெயில் வாங்கிய கல் சுவர் இரவில் அதைத் திருப்பித் தரும். வடக்குப் பக்கம் வைத்திருந்தால் மாற்றுவதே நல்லது. நிழல் தரும் சில்வர் ஓக் குறுக்கே நிற்கிறது என்றால் கோடாரியை எடுத்துவிடாதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்கித்தான் வெட்ட முடியும். கிளை கழிப்பதற்கும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சுவரோரம் என்றால் ஒரு சிக்கல் உண்டு. அத்தி வேர் ஈரத்தைத் தேடி எங்கும் போகும். செப்டிக் டேங்க், சாக்கடைக் குழாய், தட்டுத் தட்டாக வெட்டிய நிலத்தில் கருங்கல் தடுப்புச் சுவர், எதையும் விடாது. தடுப்புச் சுவரில் புகுந்தால் ஒரு மழையில் சுவரே இறங்கிவிடலாம். அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஐம்பது அறுபது லிட்டர் டிரம்மில் வளர்ப்பது. இன்னொன்று, இரண்டடிக்கு இரண்டடி குழி வெட்டி, நாலு பக்கமும் கல் பலகை நிறுத்தி, அடியில் ஒரு சாண் கல்லும் ஓட்டுச் சில்லும் போட்டு, அதற்குள் நடுவது. வேரை இப்படி ஒடுக்கினால் இலை குறைந்து காய் கூடும், மரமும் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். வீட்டுத் தோட்டத்துக்கு எனக்குப் பிடித்தது கல் குழிதான். டிரம் கோடையில் ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மண் பற்றிச் சுருக்கமாக. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் அத்திக்குப் பிடிக்காது. அது கேட்பது கார அமில நிலை 6 முதல் 7.5 வரை, நம் தோட்ட மண் பல இடங்களில் 5ஐ ஒட்டி இருக்கும். புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புப் பொடி குழிக்கு அரைக் கிலோ, நடுவதற்கு முன் கலந்து வையுங்கள். வளர்ந்த மரத்துக்கு வருடம் ஒரு முறை இரண்டு கை தூவிக் கொத்திவிட்டால் போதும். விறகடுப்புச் சாம்பல் இருந்தால் அதுவும் நல்லது. மண்ணைச் சோதித்துவிட்டுப் போடுவது இன்னும் நல்லது. குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கவாத்துக்குப் பிறகு ஒரு கூடை மக்கிய சாணி எருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம். ‘இலை தளதளவென்று வருகிறது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு இன்னும் தழைச்சத்து கொடுத்தால் இலைதான் கூடும், துருவும் கூடும்.

கேரட், பீட்ரூட் போட்ட பாத்தியில் நட்டிருந்தால் வேர்முடிச்சு நூற்புழுவைச் சந்தேகியுங்கள். அத்தி அதற்கு எளிதில் இரையாகும். வேரில் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாகத் தெரியும். நீலகிரியில் நூற்புழு என்றாலே 1961இல் கண்டுபிடித்த உருளைக்கிழங்கு நூற்புழுவைத்தான் நினைப்பார்கள். அது உருளை, தக்காளிக் குடும்பத்தோடு நின்றுவிடும், அத்தியைத் தொடாது. முடிச்சு போடுவது வேறு புழு. வேப்பம்புண்ணாக்கும், மரத்தைச் சுற்றிச் செண்டுமல்லியும் ஓரளவு அடக்கும். புதுக் கன்று வாங்கும்போதே பையைக் கிழித்து வேரைப் பார்த்துவிடுவது அதைவிட மேல்.

துரு நோய்க்கு வருவோம். ஆவணியில் வெட்டப்போகிறீர்கள் என்பதால் இளந்தளிர் ஐப்பசி மழையில் நனையும், இந்த முறையில் அதுதான் பலவீனம். போர்டோ கலவை இதற்குப் போதும். பத்து லிட்டர் தண்ணீர்க் கணக்கில் 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அன்றே அடித்துத் தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். துளிர் விரிந்ததும் ஒரு முறை, மழை இடைவெளி விடும்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். துரு உட்கார்ந்திருப்பது அங்கேதான். காய் பழுக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். கொட்டிய இலையை மரத்தடியில் மூடாக்காகப் போடாதீர்கள், தள்ளிப் புதைத்துவிடுங்கள். வெட்டுக்காயத்தில் போர்டோ பசையைத் தடவலாம்.

அடிமரத்தில் ஓட்டையும் கீழே மரத்தூளும் தெரிந்தால் தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தி எடுத்து, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். விட்டால் ஒரு கிளையே போகும்.

தையிலிருந்து தண்ணீர்தான் முக்கியம். வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு குடம் ஒன்றரைக் குடம், விடாமல். காயவிட்டு ஒரே நாளில் கொட்டினால் பழம் பிளக்கும், பங்குனியில் திடீரென்று ஒரு மழை வந்தாலும் அதேதான். மண் முன்பே ஈரமாக இருந்தால் அந்த அடி குறையும். கோத்தகிரியில் கோடையில் தண்ணீர்க் கஷ்டம் எனக்குத் தெரியும். அரிசி, காய் கழுவிய தண்ணீரை விடுங்கள், மரத்தடியில் ஒரு சாண் காய்ந்த புல் மூடாக்குப் போடுங்கள்.

பழுப்பதைத் துரிதப்படுத்த மத்தியதரைக்கடல் நாடுகளில் ஒரு பழைய வித்தை உண்டு. நின்றுபோன காயின் நுனித் துளையில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் வைப்பார்கள். காய் எத்திலீன் வாயுவை வெளிவிட்டு, சில நாட்களில் பழுக்கும். காய் முழு அளவுக்கு வந்து நிற்கும் கட்டத்தில்தான் இது வேலை செய்யும், சின்னக் காயில் வைத்தால் வீணாகும். சித்திரை மழைக்கு முன்னால் பத்து நாள் மிச்சம் பிடிக்க இது கைகொடுக்கும்.

பழம் மரத்திலேயே பழுக்க வேண்டும். வாழைத்தார் போலப் பச்சையாகப் பறித்து வைத்தால் வாடுமே தவிர இனிக்காது. காம்பு தளர்ந்து பழம் தலைகுனிந்து தொங்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும், தோலில் மெல்லிய கீறல் விழும். அப்போது காம்போடு திருகி எடுங்கள். பறித்த காம்பில் வெள்ளைப் பால் சொட்டினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்க முடியாது.

இவ்வளவும் செய்து, பழத்தை யார் தின்பது என்ற கேள்வி இருக்கிறது. கொண்டைக்குருவிக்கு ஒவ்வொரு காயையும் சிறு வலைப்பையில் கட்டலாம். காகிதப் பை பனியில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். குரங்குக்கு நேர்மையான பதில் எதுவும் கிடையாது, வீட்டுக்கு நெருக்கமாக வைப்பதும் முந்திக்கொள்வதும்தான். காட்டெருமை இளந்தளிரை மேயும், வேலியைச் சாய்க்கும். கரடி விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் கரடி பழ வாசனைக்கு வீட்டு வாசல் வரை வருவது புதிதல்ல. பழுத்ததை அன்றன்றே பறித்துவிடுங்கள், கீழே விழுந்ததைப் பொழுது சாய்வதற்குள் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள், மார்ச்சில் இருட்டிய பிறகு மரத்தடிக்குப் போகாதீர்கள்.

ஆவணியில் வெட்டிய குச்சிகளை எறிய வேண்டாம். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி நறுக்கி, இலைகளைக் கிள்ளி, பால் வடிவது நிற்கும் வரை நிழலில் வைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்த பையில் முக்கால் பங்கு புதையும்படி நடுங்கள். மழை நேரடியாக விழாத தாழ்வாரம் நல்லது, ஈரம் அதிகமானால் அழுகும். முதலில் துளிர் வரும், வேர் பிறகுதான். துளிரைப் பார்த்ததும் பிடுங்கிச் சோதிக்காமல் இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். நர்சரிக் கன்றைவிட உங்கள் மரத்தின் போத்து நம்பகமானது. ஒன்றை டிரம்மில், தெற்குச் சுவரோரம் வைத்துவிட்டால், இப்போதைய மரம் நிற்கும் இடம் சரியில்லை என்று தெரியவந்தாலும் மாற்றி நட வேண்டிய பாடு இருக்காது.